தம்மீது வந்த பிராதைத் தாமே கட்டியவர்

முந்திரிக் காடுகள் சூழ்ந்த வடகாட்டுப்பாளையத்தில், அவ்வூர் வங்கியின் இரண்டாம் எண் கவுன்டரில் இருபத்தாறு ஆண்டுகள் வீற்றிருந்தவர் தெய்வசிகாமணியார். வீற்றிருந்தது சிம்மாசனத்தில் அன்று. உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாயும் சுழல் நாற்காலியில். கூட வேலைக்குச் சேர்ந்தவர்கள் மேலாளராகி, மண்டல மேலாளராகி, சர்க்கரை நோயும் வாங்கிவிட்டார்கள். இவருக்குக் கிடைத்த உயர்வெல்லாம் நாற்காலிக்கு இரண்டு முறை மாற்றிய மெத்தைதான்.

காலை ஆறு மணிக்குக் காட்டுவேலவர் கோயிலில் இருப்பார். கருவறைக்கு முன்னே ஆளுயர வேல் ஒன்று நட்டிருக்கும். வேறெங்கும் நியாயம் கிடைக்காதவர்கள் தங்கள் வழக்கைத் தாளில் எழுதி, சாமி முன்னால் வாசித்து, நூலில் கோத்து அந்த வேலில் கட்டுவார்கள். அதற்குப் பிராது என்று பெயர். தொண்ணூறு நாளுக்குள் தீர்ப்பு வந்துவிடும் என்பது ஊர் நம்பிக்கை. சிகாமணியார் வேலடியைக் கூட்டிக் கழுவுவார். காற்றில் அவிழ்ந்து விழுந்த பிராதுகளைப் பிரித்துப் பார்க்காமல் எடுத்துத் திரும்பக் கட்டுவார். அடுத்தவர் வழக்கைப் படிக்காமல் இருப்பது எத்தனை பெரிய தவம் என்பது, பக்கத்து வீட்டுக்கு வந்த கூரியரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற நமக்குத்தான் தெரியும்.

பத்து மணிக்கு அவருடைய இரண்டாவது கோயில் திறக்கும். வரிசையில் எந்த ரூபத்தில் அவன் வந்து நிற்கிறானோ நமக்கென்ன தெரியும் என்பார். அதனால் பேனா இரவல் வாங்கி மூடியை மட்டும் திருப்பித் தருபவரையும், செல்போனில் யாரையோ திட்டிக்கொண்டே இவரையும் சேர்த்துத் திட்டுபவரையும் ஒரே முகத்தோடு வரவேற்பார்.

அவரிடம் அதிகம் வந்தவர்கள் முந்திரி உடைக்கும் பெண்கள். முந்திரி ஓட்டின் எண்ணெய் தோலை அரிக்கும். பத்து வருடம் உடைத்த கையில் ரேகை நிற்காது. ரேகை பார்க்கும் இயந்திரமோ அந்த விரல்களைக் கண்டதும் பொருந்தவில்லை என்று சிவப்பு விளக்கைக் காட்டும். மூன்று முறை மறுத்தால் நாளைக்கு வரச் சொல்லி அனுப்புவது கிளையின் வழக்கம். சிகாமணியார் அனுப்பமாட்டார். ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் பத்து விரலையும் வைக்கச் சொல்வார். விரலுக்கு ஓர் எழுத்தாகச் 'சரவணபவ' ஓடும். ஆறு எழுத்து, பத்து விரல். மிச்சம் நான்கிற்கு வெறும் 'முருகா'தான். அதுவும் பலிக்காவிட்டால் படிவம் எழுதி, கைநாட்டு வாங்கி, அதிகாரியிடம் தாமே போய்க் கையொப்பம் பெற்று வருவார். ஆளுக்குப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். கைநாட்டு சிகாமணி என்று சக ஊழியர்கள் கேலி செய்தார்கள். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

ஒரு திங்கட்கிழமை, அஞ்சலாட்சி என்ற பெண்மணி ஏழாவது விரலை வைத்துக்கொண்டிருந்தபோது, முந்திரி கம்பெனி முதலாளி பரமானந்தம் வரிசையைத் தாண்டி வந்து, அவர் தோளுக்கு மேலாகக் காசோலையை நீட்டினார். அஞ்சலாட்சி அந்த முதலாளியிடம்தான் வேலை பார்த்தார். பழக்கத்தில் தானாகவே ஒதுங்கினார். நகர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சிகாமணியார் முதலாளியை வரிசைக்கு வரச் சொன்னார். இந்தக் கிளையே தன் பணத்தில்தான் ஓடுகிறது, இதுகளை நாளைக்கு வரச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று முதலாளி கேட்டார். பேச்சு தடித்தது.

"ரேகை இல்லாத இந்தக் கூட்டத்துக்குப் பின்னால நான் நிக்கணுமா?"

"ரேகை இருந்துச்சுங்க மொதலாளி. உங்க முந்திரி ஓட்டுல ஒட்டிக்கிட்டுப் போயிடுச்சு. அது திரும்பி வர்ற வரைக்கும் நீங்க நின்னுதான் ஆகணும்."

வரிசையின் கடைசியில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் வினையாயிற்று. மன்னிப்புக் கேட்டுவிடும்படி மேலாளர் மன்றாடினார். தப்பு எதுவென்று சொன்னால் கேட்கத் தயார் என்றார் சிகாமணியார். மேலே புகார் கொடுப்பேன் என்று முதலாளி கத்தினார். வங்கியில் அது தினமும் கேட்கிற வசனம். இவர் ஒருவர்தான் சொன்னபடியே கடைசி மேலிடம் வரைக்கும் போனவர். அடுத்த கிருத்திகையன்று, கம்பெனியின் முந்திரிப்படம் போட்ட தாளில் எழுதி, ஊரார் நடுவே வேலவர் முன்னால் வாசித்தார். பலர் முன்னால் தன்னை அவமதித்தவனைத் தொண்ணூறு நாளுக்குள் அந்த நாற்காலியிலிருந்து எழுப்பிவிட வேண்டும் என்பது பிராது.

மண்டல அலுவலகம் என்றால் பேசிப் பார்க்கச் சங்கம் இருக்கிறது. வேலவர் கோர்ட்டுக்கு அப்பீல் ஏது? மேலாளர் அந்த நாற்காலியை இரக்கத்தோடு பார்க்கத் தொடங்கினார். சாமியை நம்பாதவருக்கு இதில் பயமில்லை. சிகாமணியாரோ முழுக்க நம்பியவர். ஆனால் விரலுக்கு ஓர் எழுத்தைக்கூடக் குறைக்கவில்லை. தன்னால்தான் எல்லாம் என்று அஞ்சலாட்சி வேறு கவுன்டருக்குப் போகப் பார்த்தபோது, "இன்னும் மூணு விரல் பாக்கி இருக்கும்மா" என்று கூப்பிட்டு உட்காரவைத்தார்.

எண்பதாம் நாள் காலையில், வேலடியில் ஒரு தாள் விழுந்துகிடந்தது. பிரிக்கவே தேவையில்லை, முந்திரிப்படம் வெளியே தெரிந்தது. சுற்றிலும் யாரும் இல்லை. கையில் துடைப்பம், பக்கத்தில் குப்பைக்கூடை. நாமாக இருந்தால் காற்றுக்கு நன்றி சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருப்போம். அவர் கையைக் கழுவிக்கொண்டார். தாளை வேலில் கட்டினார். ஒரு முடிச்சு போதாதென்று இன்னொன்றும் போட்டார்.

நாள் நெருங்குகிறதே என்று சாமிக்கு நினைவூட்ட வந்த பரமானந்தம், தூணருகே நின்று அதைப் பார்த்துவிட்டார்.

"அது என் பிராது."

"தெரியுதுங்க."

"கிழிச்சுப் போட்டிருக்கலாமே."

"ஊரு கேஸையெல்லாம் கட்டிட்டு, என் கேஸை மட்டும் கிழிக்கறதா? நான் செஞ்சது தப்புன்னா அவன் எழுப்பட்டும், எழுந்துக்கறேன். நீங்க சொல்லி எழுந்துக்க மாட்டேன்."

முதலாளிக்கு முதன்முறையாகத் தம் வழக்கின்மேல் சந்தேகம் வந்தது. பூசாரியை அழைத்து, பிராதை வாபஸ் வாங்க வேண்டும் என்றார். அதற்குச் சாமியின் உத்தரவு வேண்டும். பூசாரி வேலின் உச்சியில் ஈரச் சந்தனம் வைத்து, ஒரு செவ்வரளிப் பூவை ஒட்டினார். பூ விழுந்தால் சம்மதம். முதலாளி கேட்டார், பூ அசையவில்லை. பொங்கல் வைப்பதாகச் சொன்னார். வேலுக்கு வெள்ளிக் கவசம் என்றார். பூ ஒட்டினபடியே இருந்தது. இதற்கு நடுவில் சிகாமணியார் வேறு, வாபஸுக்குத் தாம் ஒப்பவில்லை, தமக்குத் தீர்ப்புத்தான் வேண்டும் என்று துடைப்பமும் கையுமாக நின்றார்.

காலைப் பலகாரம் தள்ளிப்போன வருத்தத்தில் இருந்த பூசாரி சொன்னார்: "வெள்ளியெல்லாம் அவருக்கு எதுக்கு மொதலாளி. அன்னைக்கு நடந்ததை நடந்தபடி சொல்லுங்க."

பரமானந்தம் வேலின் பக்கம் திரும்பினார். தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அந்தம்மா பேரு அஞ்சலாட்சி. பதினெட்டு வருசமா எங்கிட்ட முந்திரி உடைக்குது. அன்னைக்கு அதோட முறை. நான்தான் குறுக்க பூந்தேன்."

பூ விழுந்தது. தரையில் அன்று, கூடையை எடுக்க வேலடியில் குனிந்த சிகாமணியாரின் தலையில். காற்றில் விழுந்தது என்பாரும் உண்டு. இருக்கட்டும், காற்றும் அவன் ஆள்தானே. அடியார் பூவைத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கிற்று.

"உட்காரச் சொல்லிட்டான்" என்றார்.

கடைசியில் நிற்பவரின் முறை வரும்வரை எழாத தெய்வசிகாமணியாரின் திருவடிகளை நாமும் வணங்குவோம். நமக்கு முன்னால் நிற்பவர்கள் வணங்கி முடித்த பிறகு.