சிக்கலை அளந்தவர்

"அளக்காதே என்று சொல்ல நீங்கள் யார்?" என்று கேட்டார் சடகோபன்.

நாச்சியார் நிமிரவில்லை. ஒரு கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

இருவரில் குரு நாச்சியார்தான். சீடரான சடகோபனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. குருவுக்கு இன்னும் நரை விழவில்லை. பாலமும் அணையும் கட்டிப் பேர் வாங்கிய பிறகுதான், தனக்கு வடிவமைக்கத் தெரியவில்லை என்று சடகோபனுக்குத் தோன்றியது. பெரிய பதவியை உதறிவிட்டு, தன்னைவிட இளையவரின் பட்டறையில் வந்து சேர்ந்தார். தெரிந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சட்டை செய்யவில்லை.

பணிவு மட்டும் அவருக்கு வரவில்லை. நாச்சியாரும் அதைக் கேட்கவில்லை.

"ஒரு இயந்திரம் எவ்வளவு சிக்கலானது என்று இதுவரை ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். நான் எண்ணால் சொன்னேன். எத்தனை பாகம், எத்தனை இணைப்பு, ஒன்று அசைந்தால் கூடவே எத்தனை அசையும். எல்லாம் சேர்த்து ஒரே எண். நீர்வாரியமே ஏற்றுக்கொண்டுவிட்டது. நீங்கள் மட்டும் முகம் சுளிக்கிறீர்கள்."

"வாரியம் என்ன சொன்னது?"

"எண் கூடினால் வடிவம் தள்ளுபடி."

"என் மதகு?"

சடகோபன் கண்ணைத் தாழ்த்தவில்லை. "தள்ளுபடி. கணக்குப் போட்டது நான்தான்."

ஆறு கடலில் விழும் இடத்துக்காக நாச்சியார் வரைந்த மதகு அது. வரிசையாகச் சின்னச் சின்னக் கதவுகள். ஆறு ஏறினால் மிதவைகள் எழும்பிக் கதவைத் திறக்கும். கடல் ஏறினால் அதன் அழுத்தமே கதவைச் சாத்தும். பாகங்கள் ஏராளம்.

"உங்களுக்காகக் கொஞ்சம் குறைத்துப் போட்டிருக்கலாம். போடவில்லை."

"போட்டிருந்தால் இன்றைக்கு உள்ளே விட்டிருக்க மாட்டேன். ஜெயித்தது எது?"

"ஒரே கதவு. ஒரே சக்கரம். சிக்கலே கிடையாது."

"அதே மாதிரி ஒன்று மேலக்கழியில் இருக்கிறது. பார்த்திருக்கிறீர்களா?"

"எதற்குப் பார்க்க வேண்டும்? எண்தான் இருக்கிறதே."

நாச்சியார் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

மேலக்கழி மதகில் காவலறை பூட்டிக் கிடந்தது.

"ஆள் இல்லையா?"

"போன வாரம் போய்விட்டார். இங்கே ஒரு மழைக்காலத்துக்கு மேல் யாரும் நிற்பதில்லை. புது ஆளுக்கு அலைகிறார்கள்."

"நான் நிற்கிறேன்," என்றார் சடகோபன். "ஒரு சக்கரம்தானே!"

நாச்சியார் வாரிய அதிகாரியிடம் பேசிச் சாவியை வாங்கித் தந்துவிட்டுப் போனார்.

மழை பிடித்துக்கொண்டது.

விடிந்ததும் வடகரைக்காரர் ஒருவர் நனைந்தபடி ஓடி வந்தார். "ஐயா, தொறங்கய்யா! ஆறு ஏறிடுச்சு. நெல்லெல்லாம் முங்குது!"

சடகோபன் சக்கரத்தைச் சுற்றித் திறந்தார். ஆறு கடலை நோக்கிப் பாய்ந்தது. அவருக்குப் பெருமையாக இருந்தது.

தொலைபேசி அடித்தது. மேலேயுள்ள அணையில் தண்ணீரைத் திறந்துவிட்டார்களாம்.

"இங்கே எப்போது வந்து சேரும்?"

"மழையைப் பொறுத்து. நீங்கதான் பாத்துக்கணும்."

அவர் ஆற்றைப் பார்த்தார். மழையைப் பார்த்தார். கீழே ஒரு படகுக்காரன் கையை ஆட்டி ஏதோ கத்தினான். காற்றில் சொல் கேட்கவில்லை. வடகரையில் இன்னும் நாலு பேர் கூடிவிட்டார்கள். கடலைப் பார்க்க அவர் மறந்துபோனார்.

தென்கரையிலிருந்து பவளம் என்ற பெண் சேற்றில் விழுந்தெழுந்து வந்தாள்.

"யாருய்யா தொறந்து வச்சது? கடல் ஏறுது! உப்புத்தண்ணி என் நாத்தங்கால்ல பாயுது!"

அவர் சக்கரத்தின் மேல் பாய்ந்தார். வலமா, இடமா? சக்கரத்துக்குத் தெரிந்தது அந்த இரண்டுதான். சாத்தினால் வடகரை முழுகும். சாத்தாவிட்டால் தென்கரை உப்பாகும். எவ்வளவு சாத்துவது, எதுவரை பொறுப்பது என்று அந்த இரும்பு ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்தது. அவர் சாத்தி முடித்தபோது பவளத்தின் நாற்றங்காலைக் கடல் மூடியிருந்தது.

அவள் அழவில்லை. அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரு சக்கரம். அத ஒழுங்கா சுத்தத் தெரியலையா உனக்கு?"

தான் எழுதிய எண்ணும் ‘ஒரு சக்கரம்’ என்பதைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை என்று சடகோபனுக்கு உறைத்தது.

மாலையில் நாச்சியார் வந்தார்.

"எனக்குப் பாடம் சொல்ல அந்தப் பெண்ணின் வயல்தான் கிடைத்ததா?" என்று சீறினார் சடகோபன்.

"நீங்கள் நிற்காவிட்டால் இங்கே யார் நின்றிருப்பார்?"

சடகோபன் தென்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "முதலில் அவளுக்கு நாற்றுக்கு வழி பண்ண வேண்டும்."

"பண்ணுவோம். அந்த எண்ணைக் கடலில் போட்டாயிற்றா?"

"இல்லை."

"இன்னுமா?"

"அளப்பேன். விடமாட்டேன். இதுவரை அளந்தது பத்தாது, அவ்வளவுதான். புதிதாக அளக்கும்போது உங்கள் மதகும் தோற்கலாம்."

நாச்சியார் அவருடைய உரிந்த கையைப் பிடித்துத் துணி சுற்றத் தொடங்கினார்.

வாரியக் கூட்டத்துக்குச் சடகோபன் அந்தக் கட்டோடுதான் போனார். ஜெயித்த வடிவம் கரும்பலகையில் வரையப்பட்டிருந்தது. ஒரு கதவு, ஒரு சக்கரம், சுற்றிலும் ஒரு கட்டம்.

சுண்ணக்கட்டியை எடுத்து, சக்கரத்தின் பக்கத்தில் ஒரு ஆளை வரைந்தார். ஆளிடமிருந்து ஆற்றுக்கு ஒரு கோடு. கடலுக்கு, மழைக்கு, அணைக்கு, படகுக்கு, இரண்டு கரைக்கும் கோடுகள். ஒன்று அசைந்தால் எத்தனை அசையும் என்று எழுத ஆரம்பித்தார். பலகையில் இடம் போதவில்லை.

தலைவர் தாண்டவராயனுக்கு முகம் சிவந்தது.

"சடகோபன், இந்த எண்ணைக் கொண்டுவந்ததே நீங்கள்தான். விதியாகிவிட்டது. குருவுக்காக மாற்றப் பார்க்கிறீர்களா?"

"குருவின் மதகையும் இப்படியே அளக்கிறேன். தோற்றால் தோற்கட்டும்."

பின்வரிசையில் இருந்த நாச்சியார் தலையாட்டினார்.

"இயந்திரத்தை அளக்கச் சொன்னால் மனுஷனை அளக்கிறீர்களே! அவன் எந்த ஊர்ப் பாகம்? முதலில் அந்த ஆளை அழியுங்கள்."

சடகோபன் பலகைத் துடைப்பானை எடுத்துப் போய்த் தலைவரின் முன்னால் வைத்தார்.

"அந்த ஆளை நீங்களே அழியுங்கள். அழித்துவிட்டு, கதவைத் திறந்து காட்டுங்கள்."