மூன்றாம் மதகு வளைவு

சீடருக்கு ஐம்பத்தெட்டு வயது. குருவுக்கு இருபத்தொன்பது. அதில் இருவருக்குமே கூச்சம் கிடையாது.

சீடர் ராக்கியப்பன் முப்பத்திரண்டு வருடம் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு விபத்துகூட இல்லை. குரு தாரணி வாய்க்கால் கரையிலும் ஆற்றோரக் காட்டுப் பாதையிலும் மலைச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். மலை என்று பேரே தவிர, அவள் கூட்டிப்போகிற பாதையில் மேடு என்று சொல்ல இரண்டு பாலம்தான் உண்டு. யாராவது அதைக் கேலி செய்தால், "சமதரையில விழறவங்களுக்குத்தானுங்க வாத்தியாரு வேணும்" என்பாள்.

ராக்கியப்பன் சமதரையில் விழுகிறவர்.

மூன்றாம் மதகைத் தாண்டியதும் கரை வலப்பக்கமாக வளைகிறது. இடப்பக்கம் வாய்க்கால், வலப்பக்கம் உண்ணிப் புதர். நடுவில் நாலு முழம் மண். மற்றவர்கள் பேசிக்கொண்டே திரும்புகிற அந்த இடத்தில் அவர் மட்டும் தண்ணீருக்குள் போனார். மூன்று வாரத்தில் மூன்று தடவை. இடுப்பளவுத் தண்ணீர்தான். உயிருக்கு ஒன்றும் இல்லை, மானம்தான் போனது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேர் கரையோடு போய், மூங்கில் காட்டுக்குள் புகுந்து, ஆற்றங்கரையில் இறங்குவதாகத் திட்டம். வெள்ளிக்கிழமைக்குள் அந்த வளைவைத் தாண்டாவிட்டால் ராக்கியப்பன் சைக்கிளில் வர வேண்டாம், விழுகிறவர்களை ஏற்றிக்கொள்ள வேனை எடுத்துக்கொண்டு தார் ரோட்டில் வரட்டும் என்று தாரணி சொல்லிவிட்டாள்.

அந்தப் பேச்சு அவரைச் சுட்டது. அவர் ஓட்டிய பேருந்து ஒரு நாளைக்கு எட்டு தடவை இந்த வாய்க்கால் பாலத்தைத் தாண்டும். ஒவ்வொரு தடவையும் இரண்டு நொடி, கரை வளைந்து மரங்களுக்குள் மறைவது கண்ணில் படும். அது எங்கேதான் போகிறது என்று பார்க்க அவருக்கு அத்தனை வருடமும் ஆசை. பேருந்தைத் திருப்பிக்கொண்டு போய்ப் பார்க்கவா முடியும்? ஓய்வு பெற்ற மறுவாரமே பட்டை டயர் போட்ட சைக்கிள் வாங்கியது அதற்குத்தான். மறுபடியும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தார் ரோட்டில் போகவா?

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் வந்து நின்றார். முந்தின நாள் மழையில் கரை மண் இளகிக் கிடந்தது.

"அம்மிணி, பயப்படாம ஓட்டறது எப்படிங்க?"

"நீங்க பயப்படறீங்கன்னு யாருங்ணா சொன்னது?"

"எல்லாருந்தான் சொல்றாங்க. தண்ணியப் பாக்காதீங்கங்கறாங்க. மூச்ச இழுத்து விடுங்கங்கறாங்க. என்ற மருமகன் கையுறை வாங்கிக் குடுத்தான். சீட்டையும் எறக்கிப் பாத்துட்டனுங்க."

"கையுறை என்னாச்சு?"

"நனைஞ்சு போச்சுங்க."

தாரணி சிரித்துவிட்டாள். அவரும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

அவள் அவரை மூன்றாம் மதகுக்குக் கூட்டிப்போகவில்லை. இரண்டாம் மதகிலேயே நிறுத்தினாள். அங்கேயும் அதே மாதிரி வலப்பக்க வளைவுதான். ஆனால் கரை அகலம், டிராக்டரே போகும்.

"இந்த வளைவுல ஒருக்கா திரும்பி வாங்க, டிரைவரண்ணா."

திரும்பினார். விழவில்லை.

"சைக்கிளை நிறுத்திப்போட்டு வந்த தடத்தைப் பாருங்க."

ஈர மண்ணில் டயரின் பல் அச்சு அப்படியே விழுந்திருந்தது. வளைவுக்கு முன்னாலேயே தடம் இடப்பக்கம் ஒதுங்கி, தண்ணீர் ஓரம் வரைக்கும் போய், அங்கிருந்து பெரிய வட்டமாகத் திரும்பியிருந்தது. வளைவின் உள்பக்கம் ஒரு கட்டில் போடுகிற அளவு இடம் சும்மா கிடந்தது.

"இதுல முன் சக்கரம் எது, பின் சக்கரம் எது?"

ராக்கியப்பன் குந்தி உட்கார்ந்தார். "இது முன்னாலதுங்க. இது பின்னாலது."

"ரெண்டுக்கும் எவ்வளவு தூரம்?"

விரலை வைத்துப் பார்த்தார். "நாலு விரக்கடைங்க."

தாரணி காலியாகக் கிடந்த இடத்தில் போய் நின்றாள்.

"அப்ப இவ்வளவு எடத்தை எதுக்குங்ணா விட்டீங்க? இங்க என்ன வரும்?"

"பின் சக்கரம் வரும்," என்றார் சட்டென்று.

"எதோட பின் சக்கரம்?"

அவர் தடத்தை இன்னொரு தடவை பார்த்தார்.

"பஸ்ஸோடதுங்க."

நீளமான வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரியும். முன் சக்கரம் திரும்பும்போது பின் சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதனால் வளைவை ஒட்டிப் போகக் கூடாது, வெளியே ஒதுங்கித்தான் திருப்ப வேண்டும். இல்லையென்றால் மைல்கல்லும் போகும், டீக்கடைப் பந்தலும் போகும். ராக்கியப்பன் ஒரு பந்தலைக்கூட உரசியதில்லை.

"கடைசி சீட்டுல இருக்கறவங்க திரும்பற வரைக்கும் நான் திரும்புனதா நெனைக்கவே மாட்டனுங்க அம்மிணி," என்றார்.

"தெரியுதுங்ணா. அழகாத் திருப்பியிருக்கீங்க. எழுபது பேருல ஒருத்தருக்கும் குலுங்கியிருக்காது."

அவருக்கு முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் கவலை பிடித்துக்கொண்டது.

"தெரிஞ்சு என்னங்க பண்றது? கை தானா ஒதுங்குதே. இத்தனை வருசத்துப் பழக்கத்தை ஒரு காலைல எப்படி விடறது?"

"பஸ்ல இன்னும் எத்தனை பேரு இருக்காங்க?"

"ஏனுங்?"

"சும்மா சொல்லுங்ணா."

விளையாட்டு என்று தெரிந்தும் அவர் ஒழுங்காகவே யோசித்தார். "காலைல ஏழரை மணி வண்டின்னா நிக்கறவங்களோட சேத்து நீங்க சொன்ன எழுபது இருக்குமுங்க."

"எறக்கி விடுங்க."

"இங்கயா?"

"பின்ன? வாய்க்காலுக்குள்ளயா எறக்குவீங்க?"

ராக்கியப்பன் சுற்றிலும் பார்த்தார். கொஞ்சம் தள்ளி ஒரு பெண் ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கடைசி ஸ்டாப்புங்க! எல்லாரும் எறங்கிக்குங்க!"

கண்டக்டர் போடுகிற சத்தத்தை வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் போட்டார். நன்றாகவே வந்தது. புல் அறுத்தவள் நிமிர்ந்து பார்த்து, பைத்தியம் என்று முடிவு கட்டி, குனிந்துகொண்டாள்.

தாரணி சைக்கிளில் ஏறினாள். அவர் ஏறவில்லை.

"போலாங்ணா."

"சித்த இருங்க. வயசானவங்க எறங்கோணுமல்ல."

அவள் அவசரப்படுத்தவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு காத்திருந்தாள். அவர் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்தபோது இது விளையாட்டில்லை என்று அவளுக்குத் தோன்றியது. கடைசியில் அவர் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து தலையாட்டினார். தாரணி விரலை வாயில் வைத்து இரண்டு விசில் அடித்தாள். அவர் கால் தானாக மிதித்தது.

மூன்றாம் மதகு வந்தது. கை வழக்கம்போல இடப்பக்கம் போகத் துடித்தது. "காலி வண்டி, காலி வண்டி" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வளைவின் உள்பக்கத்தை ஒட்டிப் போனார். உண்ணிச் செடி முழங்காலை உரசியது. தண்ணீர் அந்தப் பக்கம் அதுபாட்டுக்கு ஓடியது. வளைவு முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று இருந்தது.

"அம்மிணி!"

சந்தோஷம் தாங்காமல் கத்திக்கொண்டே தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். சைக்கிள் வலப்பக்கம் சரிந்து புதருக்குள் போய்ப் படுத்தது. அவரும் கூடவே போய்ப் படுத்தார்.

தாரணி இருபதடி பின்னால் நின்றாள். கிட்டே வரவில்லை.

அவர் எழுந்தார். சைக்கிளைப் புதரிலிருந்து இழுத்தெடுத்தார். கோணிப்போன ஹேண்டில்பாரைக் கால்களுக்கு நடுவில் இடுக்கி நேராக்கினார். ஏறினார். அவளுக்காகக் காத்திராமல் ஓட்டிக்கொண்டு போனார்.

மரங்கள் தொடங்குகிற இடத்தில்தான் நின்றார். இரண்டு பக்கமும் மூங்கில் வளைந்து பாதையை மூடியிருந்தது. உள்ளே எங்கேயோ ஆற்றுச் சத்தம். பாலத்து மேலிருந்து ஒருநாளும் கேட்காத சத்தம் அது. அவருக்குக் கண் கலங்கியது, அதை மறைக்கவும் இல்லை.

தாரணி வந்து பக்கத்தில் நிறுத்தினாள்.

"ஞாயித்துக்கெழமை நான் சைக்கிள்லயே வரட்டுங்களா?"

"வாங்ணா."

ராக்கியப்பன் மூங்கிலைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார்.

"அப்ப வேனை யாருங்க ஓட்டறது?"

"வேன் வேண்டாம்."

"அதெப்படிங்க? பதினோரு பேரு வர்றாங்க. காட்டுக்குள்ள யாராச்சும் விழுந்துட்டா, அவங்களை யாரு ஏத்திக்கிட்டு வர்றது?"

தாரணி அவர் முழங்கையில் குத்தியிருந்த முள்ளைப் பிடுங்கிக் கீழே போட்டாள்.

"இப்ப உங்களை ஏத்திக்கிட்டு வர்றதுக்கு எந்த வேனுங்ணா வந்துது?"