ரத்தம் வருவதற்கு முன்

கோயம்புத்தூரில் பம்பு செய்து பேர் வாங்கியவர் அவிநாசியப்பன். அறுபது வயதுக்கு மேல், பலவீனமான இதயத்தோடு பிறக்கும் குழந்தைகளுக்கு உதவ ஒரு குட்டிப் பம்பு செய்யப் புறப்பட்டார். மூன்று முறை செய்தார். சோதித்தபோது மூன்றிலும் வால்வின் ஓரத்தில் ரத்தம் உறைந்துபோனது.

நான்காவதைத் தொடங்காமல், பூரணவல்லியிடம் போய் மாணவராகச் சேர்ந்தார். கருவில் உயிர் வளர்வதை ஆராய்கிறவர் பூரணவல்லி. இவரைவிட இருபது வயது இளையவர்.

"இதயம்னா என்னன்னு நினைக்கறீங்க?"

"பம்புதானுங்க அம்மா. உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி, நடுவுல வால்வு. எல்லாத்தையும் பூட்டி முடிச்சாத்தான் ஓட்ட முடியும்."

பூரணவல்லி அடைகாக்கும் பெட்டியைத் திறந்தார். ஒன்றரை நாள் சூட்டில் இருந்த கோழிமுட்டையை எடுத்தார். ஓட்டில் காசளவுக்கு வெட்டித் திறந்து, நுண்ணோக்கியின் அடியில் கதகதப்பாக வைத்தார்.

அவிநாசியப்பன் குனிந்தார். நூல்போல ஒரு குழாய். அது அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது.

"இதுங்களா இதயம்?"

"இதேதான். துடிக்க ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும்."

"எதைத் தள்ளுதுங்க?"

"எதையும் இல்ல. ரத்தம் இன்னும் இங்க வந்து சேரல."

அவிநாசியப்பன் மதியம் சாப்பிடப் போகவில்லை. சாயங்காலம் குழாய்க்குள் சிவப்பாக ஏதோ தெரிந்தது. முன்னே போனது, பின்னே வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே ஊசலாடியது. பிறகு முன்னே மட்டும் போகத் தொடங்கியது.

அவர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நாற்பது வருசத்தில் எத்தனையோ பம்புகளில் முதல் தண்ணீர் வரப் பார்த்தவர்தான்.

"வால்வைக் காணோமுங்களே?"

"அது இனிமேதான். ரத்தம் ஓடுற ஓட்டம்தான் அதுக்கு வடிவம் கொடுக்கும்."

அவர் மறுபடி குனிந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஒண்ணு கேக்கலாமுங்களா? ரத்தம் வந்தப்புறம் துடிக்கறது சரி. காலையில தள்ள ஒண்ணுமே இல்லாதப்ப, எதுக்கு அத்தனை தடவை துடிச்சுது?"

பூரணவல்லி அவர் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் தெரியலைங்க. பம்பு செய்யறவர் ஒருத்தர் வந்து கேக்கட்டும்னுதான் இருந்தேன்."