கீரி சொன்ன பத்தியம்

நாணல் குளத்தங்கரையில் ஒரு கீரி வைத்தியம் பார்க்க ஆரம்பித்தது. பாம்போடு சண்டை போட்டுவிட்டு ஏதோ ஒரு மூலிகையில் புரண்டு விஷத்தை முறித்துக்கொள்ளும் ஜாதியாயிற்றே, மருந்து தெரியாமலா இருக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள். இந்தக் கீரி பாம்பை நேரில் பார்த்ததே இல்லை. பார்த்தாயா என்று யாரும் கேட்கவும் இல்லை.

"சத்துருண்டை! தினம் ஒண்ணு விழுங்குங்க, நோய் கிட்டவே வராது!" என்று கூவியது கீரி.

முதலில் அணில் வந்தது. "எனக்குத்தான் நோயே இல்லையே, கீரியண்ணே."

"இன்னிக்கு இல்ல. நாளைக்கு வந்தா? ஏதாவது குறை இருக்கும், நல்லா யோசிச்சுச் சொல்லு."

அணில் நன்றாகவே யோசித்தது. "என் மச்சான் என்னைவிடத் தூரமாத் தாவுறான்."

"பார்த்தியா, சத்துக் குறைவு!"

அடுத்து முயல் வந்தது. "என் மாமியார் என்னை மதிக்கறதே இல்ல, அண்ணே."

"அதுவும் சத்துக் குறைவுதான்."

இப்படிக் கேட்டால் குறை இல்லாதவர் யார்? கரையில் இருந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு குறையைச் சொல்லி உருண்டை வாங்கினார்கள்.

"எனக்கு நீங்க எதுவும் தர வேண்டாம். ஆனா பத்தியம் இருக்கணும். பத்தியம் தப்பினா மருந்தே விஷமாயிடும்" என்றது கீரி. அணிலுக்குக் கொய்யா ஆகாது. முயலுக்கு நிலக்கடலை ஆகாது. ஆமைக்கு மீன் ஆகாது. "கண்ணுல பட்டா ஆசை வரும். எல்லாத்தையும் என் வளையில கொண்டுவந்து வச்சிடுங்க, நான் பார்த்துக்கறேன்."

பத்தியம் என்றதும் நம்பிக்கை இரண்டு மடங்கானது. பத்தியம் சொல்லாத மருந்தை நம் ஆட்கள் மருந்தாகவே மதிப்பதில்லையே! கொய்யாவும் கடலையும் மீனும் கீரியின் வளைக்குப் போய்ச் சேர்ந்தன. கீரியும் அவற்றை நன்றாகவே பார்த்துக்கொண்டது. அதன் வயிறு தரையில் உரசியது.

அந்தக் கரையில் ஒரு பெண்மயில் இருந்தாள். அது அவள் முட்டையிடும் பருவம். குஞ்சுகள் திடமாகப் பிறக்க வேண்டும் என்று அவளும் உருண்டை வாங்கினாள்.

"உனக்கு நத்தை ஆகாது" என்றது கீரி. நத்தை என்றால் கீரிக்கு உயிர்.

மயில் ஒரு நத்தையைக்கூடத் தொடவில்லை. உருண்டையைத் தவறாமல் விழுங்கினாள். முட்டையும் இட்டாள். ஆனால் ஓடு சருகு மாதிரி இருந்தது. அவள் அடைகாக்க உட்கார்ந்ததும் ஒவ்வொன்றாக உடைந்துபோனது. மயில் அழுதாள்.

"மருந்து போதல. இனிமே காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. பத்தியத்தையும் இறுக்கிப் பிடி" என்றது கீரி. உடைந்த முட்டைகளையும் அதுவே நக்கித் தீர்த்தது.

மறுநாள் மயில் தண்ணீர் குடிக்கப் போனாள். ஈரக் கல்லின் மேல் கொழுத்த நத்தை ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அவளுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. இப்படியும் அப்படியும் பார்த்தாள். யாருமில்லை. ஓட்டோடு சேர்த்து விழுங்கிவிட்டாள்! பயத்தில் அன்றைக்கு உருண்டை விழுங்கவில்லை. மருந்து விஷமாகிவிட்டால் என்ன செய்வது? மறுநாளும் அதே கல், இன்னொரு நத்தை. அதற்கடுத்த நாளும் அப்படியே.

சில நாட்களில் அவள் மறுபடி முட்டையிட்டாள். அடைகாக்க உட்கார்ந்தாலும் மனம் அடித்துக்கொண்டது. 'பத்தியம் தப்பிய வயிறாச்சே! உள்ளே இருக்கும் குஞ்சுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?' அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. எல்லார் முன்னாலும் கீரியிடம் போய் நின்றாள்.

"அண்ணே, மன்னிச்சிடுங்க. நான் நத்தை தின்னுட்டேன். உருண்டையையும் விட்டுட்டேன். என் குஞ்சுங்களை நீங்கதான் காப்பாத்தணும்."

கீரி முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டது. "போச்சு! இனிமே நீ இடற முட்டையெல்லாம் தொட்டாலே உடையும்."

"இட்டாச்சு, அண்ணே" என்றாள் மயில் குழப்பத்தோடு. "தொட்டும் பார்த்துட்டேன். கூழாங்கல் மாதிரி கெட்டியா இருக்கு. பத்தியம் இருந்தப்பதான் உடைஞ்சுது."

அணில் மெல்லத் தொண்டையைச் செருமியது. "நானும் திருட்டுத்தனமா தினம் ஒரு கொய்யா தின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"நான் கடலையை விடவே இல்ல" என்றது முயல்.

அப்புறம் பார்த்தால் கரை முழுக்கப் பத்தியம் தப்பியவர்கள்தான்! ஒழுங்காகப் பத்தியம் இருந்தது ஆமை மட்டுமே. அது தலையை வெளியே நீட்டத் தெம்பில்லாமல் கிடந்தது.

"ஆமா, நீங்க ஏன் அண்ணே இந்த உருண்டையைத் தொடறதே இல்ல?" என்று கேட்டது அணில்.

"மூணு வேளையும் வயிறார நல்ல சாப்பாடு சாப்பிடறேன். எனக்கு எதுக்கு?" என்று சொன்ன பிறகுதான், என்ன சொல்லிவிட்டோம் என்பது கீரிக்கு உறைத்தது.

முயல் ஓர் உருண்டையை உடைத்துப் பார்த்தது. உள்ளே புற்றுமண். மேலே கொஞ்சம் தேன். ஒரே சிரிப்பு! கீரி அன்றைக்கு ஓடிய ஓட்டத்தில் பாம்பே எதிரில் வந்திருந்தாலும் நின்றிருக்காது. வளையைத் தோண்டி, மிச்சமிருந்ததை எல்லாரும் பங்குபோட்டுத் தின்றார்கள். ஆமைக்கு மட்டும் இரண்டு பங்கு.

மயிலுக்கு உண்மையிலேயே ஒரு குறை இருந்தது. முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டியிருந்தது. அது நத்தை ஓட்டில் இருந்தது. அதைத்தான் கீரி விலக்கி வைத்திருந்தது.

கொஞ்ச நாளில் அந்தக் கெட்டி ஓடுகளைக் கொத்தி உடைத்துக்கொண்டு குஞ்சுகள் வெளியே வந்தன. ஒன்றுகூடச் சோடை போகவில்லை. மயில் தோகை இல்லாமலேயே ஆடினாள்!

உடம்புக்கு எது குறைகிறது என்று தெரிந்துகொள்ளாமல் ஊரே விழுங்குகிறதே என்று நாமும் விழுங்கினால், வேண்டாதது வயிற்றுக்குள் போகும், வேண்டியது கையைவிட்டுப் போகும்.