ஆவுடையப்பன் வாங்கிய கீபோர்டு

ஓணான்விளை என்று நிஜமாகவே ஓர் ஊர் உண்டா என்று கேட்டால், ஓணான்விளைக்காரர்களே வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் ஓர் இன்னிசைக் குழு இருந்தது. பாடுவதற்குப் பலவேசம், டிரம்ஸ் அடிக்கக் கொம்பையா, கீபோர்டு வாசிக்க ஆவுடையப்பன். எதுவானாலும் மூன்று பங்கு என்பது குழுவின் சட்டம். வடை கிடைத்தாலும் மூன்று பங்கு, வசவு கிடைத்தாலும் மூன்று பங்கு.

ஆவுடையப்பனின் பழைய கீபோர்டு ஒரு மழையில் நனைந்துபோனது. காயவைக்கிறேன் பேர்வழி என்று கொம்பையா அதை அவித்த நெல்லோடு களத்தில் போட்டுவிட்டான். நெல்லைக் காலால் கிளறின பொம்பளைகள் கீபோர்டையும் சேர்த்துக் கிளறிவிட்டார்கள். நெல் நன்றாகக் காய்ந்தது.

போனால் போகுது சனியன் என்று விட்டுவிடலாம். ஆனால் ஆவுடையப்பனுக்கு வடிவு மேல் உயிர். மாவு மில் சித்திரைவேலின் ஒரே மகள். அவளுக்கும் இவன் மேல் பிரியம்தான். எதற்கு என்று கேட்காதீர்கள், அவளும் ஓணான்விளைதானே. சித்திரைவேல் மட்டும் கறாராகச் சொல்லிவிட்டார்.

"தம்பி, அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுல நீ வாசிக்கிறதை நான் என் காதால கேக்கணும். நல்லாயிருந்தா பொண்ணு உனக்கு. இல்லேன்னா உடன்குடியில கருப்பட்டி வியாபாரம் பண்ணுத பையன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

ஆவுடையப்பனுக்கு அன்று முதல் கருப்பட்டிக் காப்பி தொண்டைக்குள் இறங்கவில்லை. புதுக் கீபோர்டு வாங்க வக்கில்லை. டவுனில் பெரிய பெரிய கச்சேரிக்கெல்லாம் வாசிக்கிற ராயப்பன் மாஸ்டருக்குப் போன் போட்டான். பழசு வாங்கினால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கேட்டான்.

மாஸ்டர் நல்ல மனுஷன். பொரிந்து தள்ளிவிட்டார். "விக்கிறவன் முன்னாடி ஆசையைக் காட்டிராதே, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கோ. அவன் வாயைத் திறக்கிற வரைக்கும் நீ திறக்காதே. அடுத்தவன் வீட்டுல அலறவிடாம சத்தத்தை நல்லாக் குறைச்சு வச்சுக்கிட்டு, எல்லாக் கட்டையையும் ஒண்ணு விடாம அழுத்திப் பாரு. பேசாத கட்டை இருந்தா ஒவ்வொண்ணுக்கும் விலையைக் குறைக்கச் சொல்லு. ஒத்தை ஆள் தூக்குத மாதிரி இருக்கணும். மேடையில லைட்டுச் சூட்டுல நிக்கப்போற சாமான், சூடு தாங்குதான்னு பாரு. என்ன இருந்தாலும் பழசு, நடுவுல நின்னு போச்சுன்னா பதறாதே. பாடுதவன் அந்த இடத்தை வாயாலயே நிரப்பிரணும்."

சட்டப்படி புத்திமதியையும் மூன்று பங்கு வைத்துக்கொண்டார்கள். மூஞ்சியும் வாயும் பலவேசத்துக்கு. விலையும் சூடும் கொம்பையாவுக்கு. கட்டையும் தூக்குவதும் ஆவுடையப்பனுக்கு. கடைசியில் மிஞ்சிய ஒன்றை, பாடுகிறவன் என்பதால் பலவேசமே எடுத்துக்கொண்டான். "உனக்கு மட்டும் மூணா?" என்று கொம்பையா கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்தான்.

டவுனில் ஞானதுரை என்பவர் வீட்டில் பழைய கீபோர்டு ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு மூவரும் பஸ் ஏறினார்கள். தெருமுனையிலேயே பலவேசம் நிறுத்தினான்.

"மூஞ்சியைத் தொங்கப் போடுங்கலே."

போட்டார்கள். போதவில்லை என்று பலவேசத்துக்குத் தோன்றியது. துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்ளச் சொன்னான். கொம்பையாவுக்குத் துக்கம் சட்டென்று வராது. செத்துப்போன கிடாக்குட்டியை நினைத்துக்கொள்ளச் சொன்னதும் கண்ணீரே வந்துவிட்டது.

அந்தக் கோலத்தில் மூன்று பேர் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் வீட்டு வாசலில் வரிசையாகக் குந்தினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஞானதுரையின் சம்சாரம் செல்வராணி வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"யாரு நீங்க? எங்கேயிருந்து வாரிய?"

மூச்.

"ஐயோ, சாத்தான்குளத்துல இருந்தா? எங்க சித்தப்பாவுக்கு எதுவும் ஆயிட்டா?"

கொம்பையா கிடாக்குட்டியை நினைத்துத் தேம்பினான். அவ்வளவுதான். "என்னப் பெத்த சித்தப்பா!" என்று செல்வராணி நெஞ்சில் அடித்துக்கொண்டு தரையில் விழுந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். ஆளுக்கு ஆள் தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைக்க ஆரம்பித்தார்கள். எதிர்வீட்டுக்காரி துட்டி வீடாயிற்றே என்று வரக்காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். கொம்பையா இரண்டு டம்ளர் குடித்தான்.

குளித்துக்கொண்டிருந்த ஞானதுரை தலையில் சோப்பு நுரையோடு ஓடி வந்தார். "யாருவே போனது? சொல்லித் தொலைங்களேன்!" என்று அலறினார்.

பலவேசம் ஆவுடையப்பனின் விலாவில் இடித்தான். "அண்ணாச்சி வாயைத் திறந்துட்டாரு. இனி நாம பேசலாம்." பிறகு துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு பணிவாகக் கேட்டான். "அண்ணாச்சி, பழைய கீபோர்டு ஒண்ணு இருக்காமே?"

பாவம் ஞானதுரை. சாவுக் கேதத்துக்குக் கச்சேரி வைக்க ஆளையே அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அழுதுகொண்டே உள் அறையைக் கைகாட்டினார்.

ஆவுடையப்பன் தன் பங்கைச் சுத்தமாகச் செய்தான். சத்தத்தை நல்லாக் குறைக்க வேண்டும் அல்லவா? குமிழைப் பிடித்து, அதற்கு மேல் திரும்பாத அளவுக்குக் குறைத்தான். பிறகு இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒவ்வொரு கட்டையாக அழுத்தினான். ஒன்றாவது பேச வேண்டுமே! ஊஹூம்.

"ஒரு கட்டையும் பேசலையே பலவேசம்" என்றான்.

"சிரிச்சுராதேலே" என்று கொம்பையா அவன் வாயைப் பொத்தினான். "பேசாத கட்டைக்கெல்லாம் விலை குறையும். இது பூராவும் பேசலை. நம்ம அதிர்ஷ்டத்தைப் பாரு!" கொம்பையா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே போனான். "அண்ணாச்சி, கீபோர்டுல ஒரு கட்டையும் பேசலை. பார்த்துக் குறைச்சுக்கோங்க."

"வீடு கிடக்குத கிடையில கீபோர்டு பேசலைன்னு வந்துட்டான்! கையில இருக்கிறதைக் கொடுத்துட்டு எடுத்துட்டுப் போங்கவே!"

அவர் சொன்ன மாதிரியே கையில் இருந்ததையெல்லாம் கொடுத்தார்கள். பஸ்ஸுக்கு வைத்திருந்ததும் அதில் போய்விட்டது. ஓணான்விளைக்கு நடை. சாத்தான்குளத்துச் சித்தப்பா அன்று சாயங்காலம் தானே போனை எடுத்து "நான் நல்லாத்தானம்மா இருக்கேன்" என்று சொன்ன பிறகும், செல்வராணி பாதி நம்பவில்லையாம்.

வழியில் ஆவுடையப்பனுக்கு முதுகு ஒடிந்தது. கீபோர்டு தலையில், அதன் ஸ்டாண்டு தோளில். மற்ற இரண்டு பேரும் கையை வீசிக்கொண்டு கூடவே வந்தார்கள்.

"ஏலே, ஒரு கை பிடியுங்களேன்."

"ஒத்தை ஆள் தூக்கணும்னு மாஸ்டர் சொல்லியிருக்காரு" என்றான் பலவேசம். "நாங்க தொட்டா அது மூணு ஆள் கீபோர்டு ஆயிரும். உன் நல்லதுக்குத்தான் சொல்லுதோம்."

ஆவுடையப்பனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் மனதுக்குள் ஒரு பூச்சி குடைந்தது. "மக்கா, ஒரு கட்டையும் பேசலையே. சித்திரைவேல் மாமா காதுல என்னத்தைக் கேப்பாரு?"

பலவேசம் நின்று, அவனைப் பரிதாபமாகப் பார்த்தான். "கூமுட்டை. இது மேடைக்கு வாங்கின சாமான். வீட்டுல எப்படிலே பேசும்?"

ஆவுடையப்பனின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. தலையில் இருந்த பாரம் மட்டும் அப்படியே இருந்தது.

சந்தை முக்கில் ஒரு பரோட்டாக் கடையைப் பார்த்ததும் கொம்பையாவுக்குத் தன் பங்கு ஞாபகம் வந்தது. சூடு தாங்குகிறதா என்று பார்க்க வேண்டுமே. பரோட்டா மாஸ்டர் இன்னாசியிடம் போய், இதைக் கல்லில் கொஞ்ச நேரம் போட முடியுமா என்று கேட்டான்.

இன்னாசி கீபோர்டை மேலும் கீழும் பார்த்தார். "முட்டை ஊத்தணுமா, சாதாவா?"

மூவரும் கூடிப் பேசினார்கள். ராயப்பன் மாஸ்டர் முட்டையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆகவே சாதா என்று முடிவாயிற்று. இன்னாசி கல்லின் ஓரமாக வைத்து ஒரு புறம் காட்டினார். பிறகு பழக்கதோஷத்தில் நாலு சொட்டு எண்ணெய் விட்டுத் திருப்பியும் போட்டார். ஓரத்துக் கட்டைகள் லேசாக வளைந்தன, மற்றபடி தாங்கிவிட்டது. மூவரும் கை கொடுத்துக்கொண்டார்கள். அன்று முதல் அந்தக் கீபோர்டைத் திறந்தால் சால்னா வாசம் அடிக்கும்.

கொடை நாள் வந்தது. சாயங்காலம் மேடைக்கு முன்னால் முதல் வரிசையில் சித்திரைவேல் வந்து உட்கார்ந்தார். காதால் கேட்டுத்தான் முடிவு செய்வேன் என்று சொன்னவர் அல்லவா? கண் குறுக்கே வந்து காதைக் கெடுத்துவிடக் கூடாது என்று துண்டை மடித்துக் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டார். பெண்கள் பக்கத்தில் வடிவு தாவணி முனையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு ஆரம்பித்தது. ஆவுடையப்பன் பத்து விரலையும் வைத்தான். ஒரு முனகல் இல்லை. ஓங்கி அடித்தான். கெஞ்சினான். அம்மனைக் கும்பிட்டுவிட்டு மறுபடியும் அடித்தான். குமிழ் அடிமட்டத்தில் இருந்தபடியே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. போச்சு, வடிவு போச்சு, இனி அவள் உடன்குடிக்காரி என்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பலவேசம், மேடையிலயும் பேசலைலே!"

பலவேசம் பதறவில்லை. தன் பங்கில் கடைசியாக விழுந்த புத்திமதிக்கு வேளை வந்துவிட்டதே என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். மைக்கை வாய்க்குள் தள்ளாத குறையாகப் பிடித்துக்கொண்டு, "டொய்ங் டிடிங் டிடிங் டொய்ங்ங்" என்று ஆரம்பித்தான். பாட்டு வரி முடிந்தால் டொய்ங், சரணம் முடிந்தால் டிடிங். ஆவுடையப்பனின் விரல் வழுக்கிய இடத்தில் அதையும் விடாமல் "ட்ளுக்" என்றான். வாயில் வெற்றிலை வேறு. கொம்பையா சந்தோஷம் தாங்காமல் டிரம்ஸைப் பிளந்தான்.

கச்சேரி முடிந்தது. சித்திரைவேல் கண்கட்டை அவிழ்த்தார். அவர் சட்டை முழுக்கச் சிவப்பாகச் சாரல் அடித்திருந்தது. மேடைக்கு ஏறி வந்து ஆவுடையப்பனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மாப்ளே!" என்றார். "எத்தனையோ கீபோர்டு கேட்டிருக்கேன். மனுஷன் தொண்டையில இருந்து வாரது மாதிரியே ஒரு கீபோர்டு இன்னைக்குத்தான் கேட்டேன். வடிவு உங்களுக்குத்தான். ஒரே ஒரு குறை. சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி, சாரலும் அடிக்குது. கல்யாணத்துல வாசிக்கும்போது கொஞ்சம் குறைச்சுக்கோங்க."

ஆவுடையப்பன் ஆனந்தத்தில் கொம்பையாவைக் கட்டிக்கொண்டு அழுதான். மாமா காதிலேயே விழுந்திருக்கிறது என்றால் கீபோர்டு பேசித்தானே இருக்க வேண்டும்? அழுது முடித்தபின் மூவரும் குமிழைப் பார்க்கப் போனார்கள்.

"இதுக்கு மேல குறைக்க இடமே இல்லையே!" என்றான் ஆவுடையப்பன்.

"அடியில இருக்கும்போதே இந்தச் சத்தம்" என்றான் கொம்பையா. "யாராவது தெரியாம கூட்டிட்டா?"

"கோயில் கோபுரம் இறங்கிரும்" என்றான் பலவேசம்.

உடனே மருந்துக்கடையில் பிளாஸ்திரி வாங்கிவந்து, யாரும் திருப்ப முடியாதபடி குமிழை மூடி ஒட்டினார்கள். ஆனாலும் மாமனார் சொல்லைத் தட்ட முடியுமா? ஆலோசித்து ஆலோசித்துக் கடைசியில் ஆவுடையப்பனே வழி கண்டுபிடித்தான். பத்து விரலுக்கு இந்தச் சத்தம் என்றால், ஒரு விரலால் வாசித்தால் பத்தில் ஒரு பங்காகிவிடும்.

தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாகக் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தான். ஒன்பது விரலை மடக்கிக்கொண்டு ஒற்றை விரலால் வாசித்தான். பலவேசமும் கொம்பையாவும் முதல் பந்தியில் பாயசத்தில் இருந்தார்கள். பந்தலே அமைதியாக இருந்தது. வடிவு அவனைப் பார்த்துப் பூரித்துப்போய் நின்றாள்.

சித்திரைவேல் கண்ணை மூடித் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து மருமகன் காதோடு சொன்னார்.

"இப்போ எவ்வளவு இதமா இருக்கு பாருங்க மாப்ளே! அந்த ஒரு விரலையும் கொஞ்சம் மெதுவா வச்சீங்கன்னா இன்னும் நல்லாருக்கும்."