ஒச்சம்மாள் தலையில் ஊற்றிய எண்ணெய்

தோலுக்கும் வாய் இருந்த காலம் அது. மரம் பேசும், மாடு பேசும், கண்ணுக்கே தெரியாத பூஞ்சைகூட நாலு வார்த்தை பேசும். பேச வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றவர்கள் மனிதர்கள்தான். அந்த வயிற்றெரிச்சல்தான் இந்தக் கதை.

அப்போது யார் தலையிலும் பொடுகு கிடையாது. பூஞ்சை மட்டும் எல்லார் தலையிலும் குடியிருந்தது. தோல் கொஞ்சம் எண்ணெய் சுரக்கும். பூஞ்சை அதைத் தின்றுவிட்டு மயிர்க்கால் ஓரமாகப் படுத்துக்கொள்ளும்.

"சாப்பிட்டியா?" என்று தோல் கேட்கும்.

"ஆச்சு தாயி" என்று பூஞ்சை சொல்லும்.

இரண்டுக்கும் அவ்வளவுதான் பேச்சு. குழந்தை பிறந்த கொஞ்ச நாளில் வந்து ஏறும் பூஞ்சை, கடைசிவரை கூடவே இருக்கும். அது இருப்பது எந்த மனிதருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் வரவில்லை.

மலையடிவாரத்தில் பனிக்கரடு என்றொரு ஊர். அங்கே ஒச்சம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். காட்டு வேலைக்காரி. வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்து பெற்ற மகள் தவமணிக்குக் காய்ச்சல் கண்டு கண் செருகிவிட்டது. ஒச்சம்மாள் ஓடிப்போய்க் காளி கோயில் வாசலில் விழுந்தாள். "ஆத்தா, எம்புள்ளயக் குடுத்துரு. தை மாசம் மொதப் பாரிய நான் சுமக்கிறேன்" என்றாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது.

முளைப்பாரி என்றால், சட்டியில் தானியம் விதைத்து இருட்டறையில் வளர்த்த பயிர். பெண்கள் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு ஊர்வலமாகப் போய்க் குளத்தில் கரைப்பார்கள். முதல் சட்டியைச் சுமப்பவளுக்கு அந்த ஊரில் மட்டும் ஒரு கட்டுப்பாடு. விதை போட்டதிலிருந்து பாரி கரைக்கும்வரை தினமும் தலையில் எண்ணெய் வைக்க வேண்டும், சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. பட்டால் பயிர் வாடிவிடுமாம். இந்தக் கட்டுப்பாட்டை வைத்தவர் சங்கிலிப் பூசாரி. அவருக்கு யார் சொன்னார்கள்? ஒருத்தரும் சொல்லவில்லை. அவர் மட்டும் சனிக்கிழமை தவறாமல் சீயக்காய் தேய்த்துத் தலை முழுகுவார். கேட்டால் அது வேறாம்!

ஒச்சம்மாள் கேள்வி கேட்கவில்லை. பிள்ளைக்காக வைத்த நேர்த்திக்கடன் அல்லவா? மார்கழிப் பனியில் பயிரறை வாசலிலேயே கிடந்தாள். எலி கடித்துவிடுமோ, பயிர் வாடிவிடுமோ, பிள்ளைக்குத் திரும்பக் காய்ச்சல் வந்துவிடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. பொட்டுத் தூக்கமில்லை. அவள் இளைக்க இளைக்க, எண்ணெய் மட்டும் வழிய வழியத் தலையில் ஏறியது.

பூஞ்சைக்கு நல்ல வேட்டை. வயிறு முட்டத் தின்றது, தின்றதும் பெருகியது. பெருகிய கூட்டம் தின்று துப்பிய மிச்சமெல்லாம் தோலின் மேலேயே விழுந்தது.

"ஏய், எரியுதுல்ல? கொஞ்சம் அடங்கித்தான் கெடவேன்!" என்றது தோல்.

"என்னைய எதுக்கு வையிற? ஊத்துறாக, திங்கிறேன்."

தூக்கம் கெட்டு, பனியில் காய்ந்து, தோலும் அரைஉயிராகத்தான் இருந்தது. எரிந்த இடத்தையெல்லாம் அவசர அவசரமாக உரித்துப் போட்டது. ஒச்சம்மாளுக்குத் தலை அரித்தது. தோள்மேல் வெள்ளைப் பொடி விழுந்தது. அவள் தட்டிவிட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

ஊர்வலத்தன்று காலை. ஊரே கோயில் முன்னால் கூடியிருந்தது. இடுப்பில் தவமணியோடு ஒச்சம்மாள் முதல் சட்டியைத் தூக்கக் குனிந்தாள். பச்சைப் பயிர்மேல் வெள்ளை வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது.

"அய்யய்யோ, பாரி மேல என்னத்தையோ கொட்டுறாளே!" என்று கத்தினாள் இரண்டாம் சட்டிக்காரி நாகக்கா. "அழுக்குத் தலையோட வந்து நிக்கிறா பாரு. தள்ளி நில்லுங்கடி, ஒட்டிக்கிரும்!"

நேற்றுவரை ஒரே சீப்பில் தலை வாரியவர்கள், சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு விலகினார்கள். சங்கிலிப் பூசாரி முன்னால் வந்தார்.

"சட்டியில கை வைக்காத, ஒச்சம்மா. மொதப் பாரிய நாகக்கா சுமக்கட்டும்."

ஒச்சம்மாள் சட்டியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எது அழுக்கு? தலைக்கு ஊத்தாதன்னு சொன்னது ஆரு? நீரு! எண்ணெய வையி வையின்னு சொன்னது ஆரு? நீரு! சொன்னதையெல்லாம் செஞ்சுட்டு நிக்கிறவ அழுக்கு, சனிக்கெழமைக்குச் சனிக்கெழமை முழுகுன நீரு சுத்தமோ? எம்புள்ள உசுருக்கு நேந்துக்கிட்டது. ஒருத்தியும் தொடக் கூடாது இந்தச் சட்டிய!"

கூட்டத்தில் ஒரு மனிதர்கூட அவளுக்காக வாய் திறக்கவில்லை. பூசாரிக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு பெண் ஊர் நடுவில் வைத்துக் கேட்டுவிட்டாளே! தப்பை ஒத்துக்கொள்ள வாய் வருமா?

"நான் சொன்ன அளவுக்கு நீ எண்ணெ வச்சிருக்க மாட்ட. தலை வறண்டு போயித்தான் உதிருது. இப்பப் பாரு!" என்றார். விளக்குக்கு வைத்திருந்த எண்ணெய்ப் பானையை அப்படியே தூக்கி அவள் உச்சந்தலையில் கவிழ்த்தார்.

எண்ணெய் நெற்றியில் இறங்கிப் புருவத்தில் தேங்கியது. மூக்கின் இரண்டு ஓரமும் வழிந்தது. காது மடலுக்குப் பின்னால் ஓடி, நெஞ்சுக் குழிவரை போனது. தெறித்த கொஞ்சம் தவமணியின் பிஞ்சு உச்சியிலும் விழுந்தது. பிள்ளை வீறிட்டு அழுதது.

வழிந்த இடமெல்லாம் பூஞ்சையும் சேர்ந்தே ஓடியது. அதோடு தோலுக்குப் பொறுமை போய்விட்டது. ஊரே கேட்கிற மாதிரி அலறியது.

"போதும்டா பூஞ்சை! இன்னையோட நமக்குள்ள ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. எண்ணெ வழிஞ்ச எடமெல்லாம் எரிவேன், சிவப்பேன், உரிச்சு உன் மொகத்துலயே வீசுவேன்!"

"நான் வேற எங்க போவேன்? பொறந்ததிலிருந்து இங்கதான கெடக்கேன்!" என்று அழுதது பூஞ்சை.

"கெட. ஆனா, இவ மனசு கொதிக்கிறப்ப சண்டைக்கு வருவேன். கண்ணு மூடாம கெடக்கிறப்ப வருவேன். பனி அடிக்கையில, ஒடம்பு நோவுல விழுகையில வருவேன். இந்தச் சண்டை தீராது."

"பாத்தீகளா? இவ தலையில பூஞ்சையாம்ல, பூஞ்சை!" என்று நாகக்கா மூக்கைப் பொத்தினாள்.

ஒச்சம்மாள் எண்ணெய் வழியும் முகத்தோடு நிமிர்ந்தாள்.

"ஏ பூஞ்சை! நீ என் தலையில மட்டுந்தான் இருக்கியா? இந்த ஊர்ல ஒனக்குச் சொந்தபந்தம் உண்டா, இல்லையா? இருந்தாக் கூப்பிடு!"

பூஞ்சை கூப்பிட்டது. நாகக்காவின் கொண்டைக்குள்ளிருந்து, "இங்கதாண்ணே இருக்கேன்" என்று பதில் வந்தது. பின்னால் நின்ற பெண்களின் தலையிலிருந்தெல்லாம் வந்தது. மரத்தடியில் வேடிக்கை பார்த்த ஆண்களின் தலையிலிருந்து இன்னும் பலமாக வந்தது. எல்லாவற்றையும்விட உரக்க வந்த குரல் சங்கிலிப் பூசாரியின் குடுமிக்குள்ளிருந்து.

அந்தக் குரல்களைக் கேட்டதும் ஊரிலிருந்த அத்தனை தோலும் விழித்துக்கொண்டது. "அடப்பாவி, நீயும் அந்தப் பூஞ்சைக்குக் கூட்டாளியா?" என்று ஒவ்வொன்றும் தன் பூஞ்சைமேல் பாய்ந்தது. சில தோல் சாது, ஒரு திட்டோடு விட்டுவிட்டது. சில தோலுக்கு அப்பன் ஆத்தா வழியிலேயே முன்கோபம், பிடித்தால் விடவில்லை. பூசாரியுடையது அந்த ரகம். அவர் சொறிந்த புருவத்திலிருந்து வெள்ளைச் செதில் விபூதித் தட்டில் உதிர்ந்தது. எது விபூதி, எது செதில் என்று அவருக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

சட்டி தூக்க வந்த பெண்களெல்லாம் இரண்டு கையாலும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். ஒச்சம்மாள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பிள்ளையோடு நேரே குளத்துக்குப் போனாள். பிள்ளையின் தலையைப் பதமாகத் துடைத்தாள். தன் தலையில் சீயக்காய் தேய்த்து அலசு அலசென்று அலசினாள். ஈரம் சொட்டச் சொட்டத் திரும்பி வந்து முதல் சட்டியைத் தூக்கித் தலையில் வைத்தாள். குனிந்து தூக்கியபோது தலைத் தண்ணீர் முழுக்கப் பயிர்மேல் பட்டது. ஒரு தளிர்கூட வாடவில்லை.

"வழிய விடுங்க" என்றாள். விட்டார்கள்.

தவமணியின் உச்சியில் மஞ்சளாகப் பொருக்குத் தட்டியது. பச்சைத் தோலுக்கு வன்மம் தெரியாது, சில மாதத்தில் தானாக விட்டுப் போயிற்று. ஒச்சம்மாளுக்குத்தான் அடுத்த மார்கழியில் மறுபடி அரித்தது. கழுவினாள், அடங்கியது. மனசு கொதித்த ஒரு நாளில் மறுபடி வந்தது.

அந்தத் தோலும் பூஞ்சையும் அன்று போட்ட சண்டைதான் இன்னும் நம் தலையில் நடக்கிறது. இப்போதும் யாராவது அடுத்தவர் தோளில் வெள்ளைப் பொடியைக் கண்டால், "சே, அழுக்கு!" என்று முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கும்போதே அவர்களுடைய ஒரு கை, சங்கிலிப் பூசாரியின் கையைப் போலவே, தங்கள் புருவத்தைச் சொறியப் போகிறது.