நாக்கின் நிறம்

ஆற்றை ஒட்டிய ஒரு காட்டில் கரிச்சான் குருவி ஒன்று இருந்தது. குயிலின் குரல், கிளியின் குரல், கீரியின் குரல் எல்லாம் அதற்கு வரும். உன் குரல் எது என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடும்.

ஒருநாள் அது ஆற்றோரம் காய்ந்த கிளையில் உட்கார்ந்திருந்தது. கீழே ஆமை தன் குஞ்சுகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தது. மழைக்கு முன்னால் ஆமைகள் ஆண்டுதோறும் சொல்லும் கதை அது. முதலில் யார் சொன்னது என்று ஆமைகளுக்கே தெரியாது.

"மலைக்குள்ளே ஒரு நாகம் தூங்குகிறது. விழித்தால் முதலில் சிவந்த நாக்கை நீட்டும். அதைக் கண்டதும் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். உடம்பு பின்னால் வரும்."

கரிச்சானுக்கு நாகம் பிடித்துப்போனது. நாக்கின் நிறம்தான் பிடிக்கவில்லை. "சிவப்பில் என்ன அழகு? பொன் என்றால் மின்னும்" என்று பொன் நாக்காக மாற்றியது. மேட்டுக்கு ஓடுவதில் வீரம் எங்கே? அதனால் ஒரு முயல் வீரனையும் மாய வாளையும் சேர்த்தது. வீரன் நாக்கை வெட்டுவான், நாகம் கல்லாகிவிடும்.

மறுநாள் ஆலமரத்தடியில் காடே வாயைப் பிளந்து கேட்டது. முயலின் மூன்று குட்டிகளுக்கும் தலைகால் புரியவில்லை. ஆளுக்கொரு மூங்கில் குச்சியைப் பிடித்து வாள் வீசித் திரிந்தன.

"இப்படி ஒரு கதையை எங்கே பிடித்தீர்கள், கரிச்சான் அண்ணா?" என்று கேட்டது தாய் முயல்.

"எங்கும் பிடிக்கவில்லை. முழுக்க முழுக்க என் கற்பனை!"

கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஆமை தலையை நீட்டியது. "தம்பி, இது ஆற்றங்கரைக் கதை. நீ சொல்வதில் தப்பே இல்லை. வாள்கூட நன்றாகத்தான் இருக்கிறது. எங்கே கேட்டாய் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிடு. யாருக்காவது சந்தேகம் வந்தால் எங்களிடம் வந்து கேட்பார்கள்."

கரிச்சானின் முகம் சுருங்கியது. "என் கதையைக் கேட்டுவிட்டு உன் கதை என்கிறாயா?"

காடு யார் பக்கம் நின்றது என்று நினைக்கிறீர்கள், குழந்தைகளே? கதையை நன்றாகச் சொல்பவர் பக்கம்தான். "வயிற்றெரிச்சல்" என்றது நரி. "கதைத் திருடி" என்றது குரங்கு. தாய் முயலும் சேர்ந்து சிரித்தது. ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. அதன் பிறகு அது ஆலமரத்தடிக்கு வரவேயில்லை.

மழைக்காலம் வந்தது. காட்டில் தூறல்தான், மலையில் கொட்டித் தீர்த்தது. ஒரு காலை, முயலின் வளை வாசலில் விரல் அகலத்துக்குச் சிவந்த நீர் மெல்ல ஊர்ந்து வந்தது. தாய் முயலுக்கு என்னவோ உறுத்தியது. கதை யாருடையதோ அவரிடம்தானே கேட்க வேண்டும்? கரிச்சானிடம் ஓடியது.

"அண்ணா, வாசலில் நாக்கு மாதிரி ஏதோ நீளுகிறது. குட்டிகளை மேட்டுக்குக் கூட்டிப் போய்விடட்டுமா?"

"என்ன நிறம்?"

"சிவப்பு."

கரிச்சானுக்கு ஆமை சொன்னது நினைவுக்கு வந்தது. இப்போது அதைச் சொன்னால், கதை யாருடையது என்பதும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

"என் கதையில் நாக்கு பொன் நிறம். இது வெறும் சேற்று நீர். போய்ப் புல் மேய்" என்றது.

தாய் முயல் நிம்மதியாக மேட்டுப் புல்லுக்குப் போனது. குட்டிகள் வளையில் விளையாடிக்கொண்டிருந்தன. மத்தியானத்துக்குள் உடம்பும் வந்துவிட்டது. ஆறு காட்டுக்குள் புகுந்தது.

வெள்ளம் வடிய மூன்று நாள் ஆயிற்று. வளை இருந்த இடத்தைச் செம்மண் மூடிக் கிடந்தது. மண்ணிலிருந்து ஒரு மூங்கில் குச்சி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

தாய் முயல் ஆமையைத் தேடிப் போனது. "அக்கா, உங்கள் கதையில் நாக்கு என்ன நிறம்?"

ஆமை ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டியது. "சிவப்பு" என்றது.

அதே நேரம் ஆலமரத்தில் கரிச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டது. "இன்று புதுக் கதை! வெள்ளத்தோடு வாள் பிடித்துச் சண்டையிட்ட மூன்று முயல் குட்டிகளின் கதை. முழுக்க முழுக்க என் கற்பனை!"

காடு மறுபடியும் வாயைப் பிளந்து உட்கார்ந்தது.

நீதி: பழங்கதையை யாரும் எடுத்துச் சொல்லலாம். யாரிடம் எடுத்தோம் என்பதை மறைப்பவன், மற்றவர்கள் போய்க் கேட்க வேண்டிய கதவையும் சாத்திவிடுகிறான்.